அடி எட்டும் தூரம்

திண்டுக்கல் நாகல் நகரில், முன்போல் வீட்டுக்கு வீடு பூட்டுப் பட்டறை இல்லாவிட்டாலும் இன்னும் அரத்தின் கீச்சொலியும் சுத்தியலின் தட்டலும் ஓயாத ஒரு தெருவில், என் தங்கை வீட்டு மாடி அறையில், அவள் மகன் கணிப்பொறிக்கு முன் அமர்ந்து யுத்தம் செய்துகொண்டிருந்தான். கீழே பூட்டு, மேலே பூதம். காபி டம்ளரும் கையுமாக நான் அவன் பின்னால் நின்று பார்த்தேன். திரையில் இரு கைகளிலும் கோடரி ஏந்திய ஒரு தடியன் இருண்ட புல்வெளியில் பிசாசுக் கூட்டத்துக்கு நடுவே சுழன்று சுழன்று அடித்துக்கொண்டிருந்தான்; அவனுடைய உயிரின் அளவைக் காட்டும் செந்நிற உருண்டையோ ஓட்டைக் குடத்துத் தண்ணீராய் வடிந்துகொண்டே வந்தது. அது அடியோடு வற்றிப்போன க்ஷணத்தில் தடியன் சாய்ந்தான்.

"வில்லு வச்சிருக்கிறவளை எடுத்து ஆடக் கூடாதா, மாப்ளே? தூர நின்னே அடிச்சுப் போடலாமே" என்றேன்.

"தூர நின்னு அடிக்கிறதுல என்ன மாமா இருக்கு? கிட்ட போய் அடிச்சாத்தானே அவன் எப்படிப்பட்ட ஆளுன்னு தெரியும்" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

சிறு பிராயத்தில் மலைக்கோட்டை அடிவாரத்தில் இரண்டு வருஷம் சிலம்பம் பயின்று பாதியில் விட்டவன் நான். என் கம்பு தங்கை வீட்டுப் பரணில்தான் கிடந்தது. எங்கள் வாத்தியார் ஏறத்தாழ இதே வார்த்தையை அந்நாளில் எங்களிடம் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, கிட்டப் போனவனின் முழங்காலில் ஒன்று வைத்தும் இருக்கிறார். ஐம்பது வருஷத்துக்குப் பின், கம்பைத் தொட்டறியாத ஒரு பையன் வாயிலிருந்து அதைக் கேட்டபோது, இந்த விளையாட்டு என்னதான் கற்பிக்கிறது என்று பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். அன்று முதல் சில ஞாயிற்றுக்கிழமைகள் அந்த மாடியில் கழிந்தன.

இளைஞர்கள் 'ஆக்‌ஷன் ஆர்பிஜி' என்று சுருக்கமாகச் சொல்லும் இந்த விளையாட்டு வகையில், ஆடுகிறவன் ஒரு வேஷம் பூண்டு ஒரு கதைக்குள் புகுந்து, எதிரிகளை வென்று, வெல்லும்தோறும் பலமும் ஆயுதமும் சேர்த்துக்கொண்டு மேலே மேலே போகிறான். பழைய நாடகக் கம்பெனிகளில் ராஜபார்ட், கள்ளபார்ட் என்று பிரித்து வைத்திருந்தார்கள் அல்லவா, அதைப் போல இங்கும் பார்ட்டுகள் உண்டு. அவற்றை 'கிளாஸ்' என்பார்கள். வில்லாளி ஒருத்தி, மந்திரவாதி ஒருவன், வாளோ கோடரியோ கதாயுதமோ ஏந்திய வீரன் ஒருவன். ராஜபார்ட்காரன் ஸ்திரீபார்ட்டின் பாட்டைப் பாட முடியாதது போல, வீரனை எடுத்துக்கொண்டவன் மந்திரவாதியின் தீயை வீச முடியாது. இந்த வீரனுடைய வகைக்குத்தான் 'மெலீ' என்று பெயர். அது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். அதன் வேர்ப்பொருள் கலத்தல். இதை அறிந்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஏனெனில் நம் செய்தித்தாள்கள் தினந்தோறும் எழுதுகிற 'கைகலப்பு' என்பதும் அதே கலத்தல்தானே! எங்கோ கிடக்கும் இரண்டு ஜனங்கள், அடிதடி என்பது தேகத்தோடு தேகம் கலப்பது என்று தனித்தனியே கண்டு, தனித்தனியே பெயர் வைத்திருக்கிறார்கள்.

பார்ட்டுகளாகப் பிரிக்கும் இந்த வழக்கம் கணிப்பொறியில் பிறந்ததன்று. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டில், பகடையை உருட்டிச் சண்டையின் முடிவைத் தெரிந்துகொள்வார்கள். அதில் ஆதியில் இருந்த பாத்திரங்கள் மூன்றே. ஒருவன் சண்டைக்காரன், ஒருவன் மந்திரவாதி, ஒருவன் சமயகுரு. பின்னால் வந்த ஆயிரம் வேஷங்களும் இந்த மூன்றின் கலவையே என்றாலும் பொருந்தும்.

பகடை உருண்டு நிற்கும்வரை காத்திருந்த இந்த யுத்தம், கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கும் யுத்தமாக மாறிய கதை சுவாரஸ்யமானது. கலிபோர்னியாவில் டேவிட் பிரெவிக் என்பவரும் அவர் சகாக்களும் 'டயாப்லோ' என்ற விளையாட்டை, சதுரங்கம் போல நீ ஒரு காய், நான் ஒரு காய் என்று மாறி மாறி நகர்த்தும் விதமாகவே முதலில் அமைத்துக்கொண்டிருந்தார்கள். காத்திராமல் உடனுக்குடன் நடக்கும்படி அதை மாற்றினால் என்ன என்று யோசனை எழுந்தபோது, பிரெவிக்குக்கு அதில் அபிப்பிராயம் இல்லை. ஆயினும் மற்றவர்களுடைய வற்புறுத்தலுக்கு இணங்கி, ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் சில மணி நேரம் உட்கார்ந்து மாற்றிப் பார்த்தார். திரையில் நின்ற எலும்புக்கூட்டின்மேல் சுட்டியை வைத்து ஒரு தரம் அழுத்தினார். வீரன் நடந்து சென்றான், ஆயுதத்தை ஓங்கினான், ஒரே அடியில் எலும்புக்கூடு பொலபொலவென்று சரிந்தது. அந்த ஓர் அடியிலேயே தம் மனம் மாறிவிட்டதைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். 1996-ஆம் வருஷக் கடைசியில் வெளிவந்த அந்த விளையாட்டிலிருந்துதான் இன்று நாம் காணும் இவ்வகை விளையாட்டுகளில் பெரும்பகுதி கிளைத்தது. கவனியுங்கள்: பிரெவிக்கின் மனத்தை மாற்றியது மந்திரவாதியின் அக்கினியும் அன்று, வில்லாளியின் அம்பும் அன்று, நடந்து போய் அடித்த ஒரு கைப்போர் அடி.

இப்படி ஜன்ம உரிமை பெற்ற வீரன்தான், அதன்பின் வந்த விளையாட்டுகளில் எல்லாம் அதிக கஷ்டம் அனுபவிக்கிறவன். காரணம் எளிது. அடிக்க வேண்டுமானால் அவன் எதிரியின் கை எட்டும் தூரத்துக்குள் போயாக வேண்டும். அவனுடைய அடி எட்டுகிற தூரம் எதுவோ அதே தூரத்தில் எதிரியின் அடியும் அவனுக்கு எட்டும். வில்லாளி ஒரு தப்புச் செய்தால், எதிரி அவளிடம் வந்து சேர்வதற்குள் அதைத் திருத்திக்கொள்ள அவகாசம் இருக்கிறது. வீரன் செய்யும் தப்பு, செய்த க்ஷணத்திலேயே அவன் மேல் வந்து விழுகிறது. போதாக்குறைக்கு, ஒருவனை அடித்து முடித்து அடுத்தவனிடம் நடந்து போகிற நேரமெல்லாம் அவனுக்கு வீண். மந்திரவாதியோ நின்ற இடத்தில் நின்றுகொண்டு பத்துப் பேரை ஒரே மூச்சில் எரித்துவிடுகிறான். கூலியும் குறைவு, ஆபத்தும் அதிகம் என்று சொல்லலாம்.

விளையாட்டை சிருஷ்டித்தவர்கள் இந்த அநீதியை அறியாதவர்கள் அல்லர். பரிகாரம் பலவாறாகத் தேடியிருக்கிறார்கள். கனத்த கவசத்தையும் கேடயத்தையும் வீரனுக்கே உரியவையாக வைத்தார்கள். அவன் கொடுக்கும் அடியில் ஒரு பங்கு அவனுக்கே உயிராகத் திரும்பி வரும்படி, 'லைஃப் லீச்' என்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். அட்டை ரத்தம் உறிஞ்சுவது போலத்தான், அடித்துக்கொண்டே இருக்கும்வரை பிழைத்திருப்பான், கை ஓய்ந்தால் மடிவான். 2012-ல் வந்த மூன்றாம் டயாப்லோவில் 'பார்பேரியன்' என்னும் முரட்டு வீரனுக்கு ரௌத்திரத்தையே முதலாக வைத்தார்கள். மந்திரவாதியின் சக்தி சும்மா இருந்தால் தானே ஊறி நிரம்பும். இவனுடைய ரௌத்திரமோ அடிக்க அடிக்க ஏறும், சும்மா நின்றால் இறங்கிவிடும். நிதானமாக யோசித்து நிற்பவனுக்கு அங்கே இடமே இல்லை. அதே விளையாட்டில், கிட்டே போய்ப் போரிடும் பார்பேரியனுக்கும் துறவி வீரனுக்கும் மட்டும், மேலே விழும் ஒவ்வோர் அடியிலும் 30 சதவீதத்தைத் தள்ளுபடி செய்தார்கள். தீபாவளித் தள்ளுபடி போல இதை நான் வேடிக்கையாகச் சொன்னபோது, மருமகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "தள்ளுபடி இல்ல மாமா, நியாயம்" என்றான்.

அநீதியின் உச்சம் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வது இரண்டாம் டயாப்லோவில் நடந்தது. 2000-ல் வெளிவந்த அந்த விளையாட்டின் நான்காம் அங்கத்தில், நரகத்தின் நடுவே உள்ள ஒரு மண்டபத்தில் நிற்கும் சில கரிய வீரர்கள், 'அயர்ன் மெய்டன்' என்னும் சாபத்தை வீசுவார்கள். சாபம் பட்டவன் கையால் கொடுக்கும் அடியெல்லாம் பெருகி அவன் தேகத்திலேயே திரும்பி இறங்கும். தூரத்திலிருந்து தீயும் பனியும் வீசுகிற மந்திரவாதியை அது ஒன்றும் செய்யாது. எந்த வீரன் தன் ஆயுதத்தை எவ்வளவு கூர்மையாக்கி, எவ்வளவு பலம் சேர்த்து வந்திருக்கிறானோ அவன் அவ்வளவு சீக்கிரம் தன் கையாலேயே சாவான். பஸ்மாசுரன் தலையில் தானே கைவைத்த கதைதான்; ஆனால் பஸ்மாசுரன் வரம் கேட்டு வாங்கினான், இந்தப் பாவி ஒன்றும் கேட்கவில்லை. திண்டுக்கல்லில் பிரௌசிங் சென்டர்கள் மலிந்திருந்த நாட்களில் மணிக்கணக்கில் காசு கட்டி இதை ஆடிய ஒரு நண்பர், தம் வீரன் இவ்வாறு மாண்ட மாலைப்பொழுதை இப்போதும் துக்கத்தோடுதான் விவரிக்கிறார். 2010-ல் வந்த 1.13 என்ற திருத்தத்தில்தான் அந்தக் கரிய வீரர்களிடமிருந்து அந்தச் சாபம் பறிக்கப்பட்டது. ஏறத்தாழப் பத்து வருஷம்! நம் ஊர் சிவில் வழக்குகளோடு ஒப்பிட்டால் சீக்கிரம்தான்.

நியூஸிலாந்தில் உண்டாக்கப்பட்ட 'பாத் ஆஃப் எக்ஸைல்' என்ற மற்றொரு பிரசித்தமான விளையாட்டிலும் இதே குறை நெடுங்காலம் பேசப்பட்டு, 2019-ல் கைப்போர் வித்தைகளை எல்லாம் புதுக்கி அமைத்தார்கள். அங்கே செய்த முக்கியமான மாறுதல்களில் ஒன்று, ஓங்கிய கையைப் பாதியில் நிறுத்தி விலகிக்கொள்ள வீரனுக்குச் சுதந்திரம் கொடுத்தது. கம்பு பிடித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே இரண்டாம் டயாப்லோவை ஆடிப் பார்த்தேன். சுட்டியை என் கையில் கொடுத்துவிட்டு மருமகன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். முதல் அங்கத்துப் புல்வெளி. முழங்கால் உயரமுள்ள குட்டிச் சாத்தான்கள் ஐந்தாறு கூச்சலிட்டுக்கொண்டு வந்தன. ஒன்றை அடித்தேன், விழுந்தது. மற்றவை பயந்து ஓடின. ஆஹா, வீரம் இவ்வளவுதானா என்று நினைத்துத் துரத்திப் போய் இன்னும் இரண்டை அடித்தேன். திரும்பிப் பார்த்தால் முதலில் செத்தது எழுந்து வருகிறது. அதை மறுபடி அடித்தேன். இரண்டாவது எழுந்தது. இப்படி நான்கைந்து தரம் செத்தவர்களையே சாகடித்துக்கொண்டிருந்ததில் என் உயிர் உருண்டை பாதிக்குமேல் காலி.

"மாமா, பின்னால ஒருத்தன் கோலோட நிக்கிறான் பாருங்க, பூசாரி. அவன்தான் எழுப்பி விடுறான். நடுவுல நிக்கிறவங்களை விட்டுட்டு நேரா அவங்கிட்ட போங்க."

பூசாரி தீக்கோளத்தை என்மேல் வீசிக்கொண்டு தூரத்தில் நின்றான். அவனிடம் போக வேண்டுமானால் கூட்டத்தை ஊடுருவிப் போக வேண்டும். போகும் வழியெல்லாம் அடி. வில்லாளியாயிருந்தால் நின்ற இடத்திலிருந்தே ஓர் அம்பில் அவன் கதையை முடித்திருக்கலாம். நான் போனேன், அடி வாங்கிக்கொண்டே போனேன், பூசாரியின் எதிரில் போய் நின்று கையை ஓங்கினேன், செத்தேன். பையன் சிரிக்கவில்லை என்பதை அவனுடைய நல்ல சுபாவத்துக்குச் சாட்சியாகச் சொல்கிறேன்.

அன்றிரவு யோசித்தபோது என் தப்பு விளங்கிற்று. சிலம்பம் என்றால் கம்பு சுழற்றுவது என்றுதான் வேடிக்கை பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். கம்பு இரண்டாம் பாடம், முதற்பாடம் காலடி. எங்கள் வாத்தியார் சலாவரிசை கற்பித்த கையோடு கம்பை வாங்கி மூலையில் சாத்திவிட்டு, மாதக்கணக்கில் காலை மட்டுமே எடுத்து வைக்கச் சொன்னார். எந்தக் கால் முன்னே, எந்தக் கால் பின்னே, பாரம் எந்தக் காலில், எப்போது மாற்றுவது, எதிரியின் கம்பு வருகிற கோட்டைவிட்டு அரை அடி விலகி நிற்பது எப்படி. எதிரியின் கம்பு நுனியைப் பார்க்காதே, தோளைப் பார் என்பார். நுனி பொய் சொல்லும், தோள் சொல்லாது. அடிப்பதுபோல் பாவலா காட்டி ஏமாற்றுகிறவனும் தோளை ஏமாற்ற முடியாது. தொடுமுறைப் போட்டியில் கம்பு எதிராளியின் உடம்பைத் தொட்டால் புள்ளி. ஓங்கி அடித்து வீணாக்கிய கம்பு திரும்பி வருவதற்குள், மெல்லத் தொட்டுவிட்டு விலகியவன் ஜெயித்துவிடுவான். பலத்துக்கு அங்கே இரண்டாம் இடமே.

இந்தப் பாடத்தையே அச்சாகக் கொண்டு ஒரு விளையாட்டுப் பரம்பரை ஜப்பானில் உண்டாகியிருக்கிறது. ஹிடேடாகா மியாசாகி என்பவர் இயக்கிய 'டார்க் சோல்ஸ்' 2011-லும் 'எல்டன் ரிங்' 2022-லும் வெளிவந்தன. அவற்றில் எதிரி எவ்வளவு பூதாகாரமானவனாக இருந்தாலும், அடிப்பதற்கு முன் ஓர் அறிகுறி காட்டுவான்: தோள் பின்னே போகும், கால் ஊன்றும், ஆயுதம் ஒரு கணம் உச்சியில் நிற்கும். அதைக் கண்டு, அடி இறங்கும் வேளைக்குச் சரியாக உருண்டு விலகினால், உருளுகிற அந்தச் சிறு பொழுதில் எந்த அடியும் நம்மைத் தீண்டாது. முன்னதாக உருண்டாலும் ஆபத்து, பின்னதாக உருண்டாலும் ஆபத்து. எல்டன் ரிங்கில் இன்னொரு நுட்பம் வைத்திருக்கிறார்கள்: தாங்கக்கூடிய சுமையில் 30 சதவீதத்துக்குக் குறைவாகவே அணிந்திருந்தால் வீரன் லாகவமாகப் புரளுவான், 70 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் உரல் உருள்வது போல உருளுவான். பயந்து பயந்து கவசத்தின்மேல் கவசம் மாட்டிக்கொண்டவன் அந்தக் கவசத்தாலேயே சாவதை மருமகன் எனக்கு ஒரு தரம் ஆடியே காட்டினான்.

முன்னேறுவது மட்டுமே வீரம் என்று பழந்தமிழர் கொண்டிருந்த எண்ணத்துக்கு இது கொஞ்சம் மாறுபட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மார்பில் பட்ட விழுப்புண்ணைப் போற்றி, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி, வெண்ணிப் போரில் கரிகாலனிடம் புறப்புண் பெற்ற சேரன் வடக்கிருந்து உயிர் துறந்த நாடு இது. மியாசாகியின் மாணாக்கன் அன்றாடம் இருபது தரம் முதுகு காட்டி உருளுகிறான்; அத்தனைக்கும் வடக்கிருப்பதென்றால் ஊரில் ஆள் மிஞ்சாது. ஆயினும் அவன் ஓடிப்போவதில்லை. விலகுகிறான், திரும்புகிறான், எதிரியின் கை ஓய்ந்த இடைவெளியில் இரண்டே அடி கொடுக்கிறான், மறுபடி விலகுகிறான். மூன்றாவது அடிக்கு ஆசைப்பட்டவன் செத்தான். சிலம்பத்திலும் அதுதான் விதி.

நம் இதிகாசங்களில் வில்லுக்குக் கொடுத்த மரியாதை கதாயுதத்துக்குக் கொடுக்கப்படவில்லை என்பது என் நெடுநாளைய மனக்குறை. ராமன் வில்லாளி, அர்ஜுனன் வில்லாளி, கர்ணனும் வில்லாளி. பீமனுக்கோ தின்பதிலும் திட்டுவதிலும் பேர். ஆனால் பகாசுரனுக்கு வண்டிச் சோறு கொண்டுபோனவன் யார்? துரியோதனன் தொடையை முறிக்க எட்டும் தூரத்தில் போய் நின்றவன் யார்? பதினெட்டாம் நாள் யுத்தத்தின் முடிவு எந்த அம்பாலும் நேரவில்லை என்பதை வில்லாளிகளின் கட்சிக்காரர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளட்டும். ஆனாலும் உலகம் தூரத்திலிருந்து அடிப்பவன் பக்கம்தான் சாய்ந்தது. மாடி ஜன்னலைத் திறந்தால் தெரியும் எங்கள் மலைக்கோட்டையே அதற்குச் சாட்சி. 1605-ல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கி, 1755-ல் ஹைதர் அலி வந்து அதிகாரம் செலுத்திய அந்தக் கோட்டையில், வாள்காரர்கள் நிற்கும் இடங்களைவிட பீரங்கிக்கான இடங்களே அதிகம் கண்ணில் படுகின்றன. 1790-ல் அதைப் பிடித்த ஆங்கிலேயரும் பீரங்கியோடுதான் வந்தார்கள்.

நம் தேசத்திலும் இத்தகைய விளையாட்டுகளை உண்டாக்கியிருக்கிறார்கள். ஹைதராபாத்திலிருந்து 2017-ல் வந்த 'அசுரா', ஆயுதம் ஏந்திக் கூட்டத்துக்குள் புகுந்து வெட்டும் தினுசைச் சேர்ந்தது. புனேயிலிருந்து 2020-ல் வந்த 'ராஜி'யில், காணாமற்போன தம்பியைத் தேடிப் போகும் கழைக்கூத்தாடிப் பெண்ணுக்குத் துர்க்கை திரிசூலம் தருகிறாள். அந்தப் பெண் தூணில் ஏறிச் சுழன்று இறங்கி அடிக்கும் அழகை, கூத்தாடிகள் கம்பத்தில் ஏறுவதைச் சந்தையில் பார்த்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். சுருள்வாளும் மான்கொம்பும் குத்துவரிசையும் உள்ள நம் பக்கத்து வித்தைகளை முழுமையாக எடுத்தாண்ட விளையாட்டு ஒன்றை நான் இன்னும் காணவில்லை. எடுத்து ஆளத் தகுந்த விஷயம். யாரேனும் ஓர் இளைஞர் செய்தால் நல்லது.

புதிதாக இந்தப் பார்ட்டை எடுத்து ஆடுவோருக்கு மருமகன் சொல்லும் யோசனை இது: ஆரம்பத்தில் பெரிய ஆயுதத்தைவிடத் தாங்கும் சக்தியில் முதலீடு செய்யுங்கள், கூட்டம் நாலு பக்கமும் சூழாதபடி வாசலிலோ சந்திலோ நின்று ஒவ்வொருவராக வரவழையுங்கள், பின்னால் நிற்கும் பூசாரியை முதலில் பாருங்கள். வாசலில் நிற்கும் யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. நாகல் நகர்ச் சந்துகளில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

சென்ற வாரம் போயிருந்தபோது கணிப்பொறி அணைந்திருந்தது. மின்சாரம் இல்லை. பையன் பரணிலிருந்து என் பழைய கம்பை இறக்கி, தூசு தட்டி, தரையில் ஊன்றிப் பக்கத்தில் நின்று அளந்து பார்த்துக்கொண்டிருந்தான். சிலம்பக் கம்பு பிடிப்பவன் நெற்றி உயரம் இருக்க வேண்டும் என்று எப்போதோ நான் சொன்னது அவன் மனத்தில் தங்கியிருக்கிறது.

"பத்தலை மாமா" என்றான்.

மூங்கில் அவன் மூக்கு வரைதான் வந்தது.